மீட்டர் பாதைக் கட்டடங்களின் மரம்

இரு தண்டவாளங்களுக்கும் இடையே சரியாக 1,000 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர் பாதை, தமிழ்நாட்டின் கிழக்கு, தெற்கு மாவட்டங்களில் பலவற்றுக்கும் ஏறத்தாழ 120 ஆண்டுகள் ஒரே ரயில்பாதையாக இருந்து, 1992-இல் இந்திய ரயில்வே தொடங்கிய யூனிகேஜ் திட்டத்தின் கீழ், அதாவது நாடு முழுவதும் பாதைகளை 1,676 மில்லிமீட்டர் அகலத்துக்கு மாற்றும் திட்டத்தின் கீழ், பகுதி பகுதியாகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. பாதை மாறியதற்கு நாள் குறித்த பதிவுகள் உண்டு. கடைசி மீட்டர் பாதை வண்டிகளுக்கு மாலை போட்டு வழியனுப்பிய படங்களும் ஏராளம். பாதையோடு சேர்ந்து இடிபட்ட சிறு நிலையங்கள், சரக்குக் கொட்டகைகள், கைகாட்டிகளை இயக்கிய சிக்னல் கேபின்கள், ஓட்டுநர்கள் இரவு தங்கிய ஓய்வறைகள், ஊழியர் குடியிருப்புகள் ஆகியவற்றைப் பற்றிய எழுத்து அவற்றோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அந்தக் கட்டடங்களின் கூரையிலும் கதவு நிலைகளிலும் இருந்த மரம் எங்கிருந்து வந்தது, இடித்தபோது எங்கே போனது என்று தேடினால், தென்னிந்தியக் காடுகளின் வரலாற்றில் ஒரு பகுதியும் பர்மாவோடு தமிழர்களுக்கு இருந்த வணிக உறவில் ஒரு பகுதியும் கூடவே வந்து சேர்கின்றன.

ரயில் இரும்பின் யுகத்தைக் கொண்டுவந்தது என்பது பாதி உண்மைதான். தென்னிந்தியாவில் அது முதலில் தின்றது மரத்தை. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய முதல் வண்டிக்குக் கீழே கிடந்த பாதையும், அதன் பின் மேற்கே நீண்ட பாதையும், மைலுக்கு 1,760 முதல் 2,000 வரை சிலீப்பர் கட்டைகளை வேண்டின. தண்டவாளத்தைத் தாங்கி அதன் இடைவெளியை மாறாமல் பிடித்து வைக்கும் குறுக்குக் கட்டைக்கே சிலீப்பர் என்று பெயர். பதப்படுத்தாத உள்ளூர் மரம் வெயிலிலும் மழையிலும் கரையானிலும் சில ஆண்டுகளுக்குள் உதிர்ந்துவிட்டதால், புதுப் பாதைக்கு வெட்டியது போதாமல் பழைய பாதைக்கும் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டியிருந்தது. 1850-களில் சென்னை மாகாணத்தில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 35,000 மரங்கள் சிலீப்பருக்காக வீழ்த்தப்பட்டன என்பது சூழல் வரலாற்று நூல்களில் பலமுறை எடுத்தாளப்படும் கணக்கு. 1856-இல் அந்த மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்ட ஸ்காட்லாந்து மருத்துவர் ஹியூ கிளெக்கார்ன், 1861-இல் வெளியிட்ட தென்னிந்தியக் காடுகள் பற்றிய நூலில் ரயிலின் மரப்பசியைத் தம் துறையின் பெரும் கவலைகளில் ஒன்றாக வைத்தார். காட்டைக் காக்க அமைந்த துறை, ரயிலுக்கு மரம் தடையின்றிக் கிடைக்கச் செய்வதற்காகவும் அமைந்தது என்ற முரண் தொடக்கத்திலிருந்தே அதனுள் இருந்தது.

சிலீப்பருக்குப் பலவகை மரங்கள் போயின: வடக்கே சாலும் தேவதாருவும், தெற்கே இருள் மரமும் தேக்கும், இங்கிலாந்து வழியாகக் கிரியோசோட் எண்ணெய் ஊறி வந்த பால்டிக் கரையோர ஊசியிலை மரமும், ஆஸ்திரேலியாவின் ஜாராவும். கட்டடத்துக்கு மட்டும் தேக்கே முதல் தேர்வாக இருந்தது. தேக்கின் இயல்பான எண்ணெய் கரையானை அண்டவிடாது. உள்ளே அடித்த இரும்பாணியை எளிதில் துருப்பிடிக்க விடாது. ஈரத்தில் ஊதி வெயிலில் சுருங்கும் குணமும் அதில் குறைவு. இதே காரணங்களுக்காகக் கப்பல் கட்டுவோர் முன்பே அதைத் தேடிப் போயிருந்தனர். ஆனைமலையில் வெட்டிய தேக்கு பம்பாய்க் கப்பல் தளத்துக்குப் போன பிறகுதான் ரயிலுக்குப் போகத் தொடங்கியது. மலை உச்சியிலிருந்து கட்டைகளைச் சரித்துவிட்ட இடமே இன்று சுற்றுலாப் பயணிகள் அறிந்த டாப்ஸ்லிப். வெட்டியதை ஈடுசெய்ய நட்டவர்களும் இருந்தார்கள். மலபார் ஆட்சியர் கொனொலியின் ஏற்பாட்டில், சாத்து மேனனின் மேற்பார்வையில், 1840-களில் நிலம்பூரில் எழுந்த தேக்குத் தோட்டம் உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டங்களுள் ஒன்று. ஆனால் நட்ட தேக்கு முற்ற அறுபது, எண்பது ஆண்டுகள் வேண்டும். ரயில் கம்பெனிகள் அதுவரை காத்திருக்கவில்லை. அவற்றின் கண் வங்காள விரிகுடாவுக்கு அப்பால் போயிற்று.

1852-இல் கீழ்ப் பர்மாவும் 1885-இல் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் கைக்குப் போனபின், மௌல்மேனிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த தேக்கு சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களில் இறங்கியது. காட்டில் வெட்டும் உரிமை பெரும்பாலும் பம்பாய் பர்மா வணிகக் கழகம் போன்ற ஐரோப்பிய நிறுவனங்களிடமே இருந்தாலும், பர்மிய வேளாண்மைக்கும் வணிகத்துக்கும் கடன் கொடுத்து வளர்ந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் வழியாகவும் தேக்கு ஏராளமாகத் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களையும் ரயில் நிலையங்களின் கூரையையும் ஒரே கடலும் ஒரே காலமும் கொண்டுவந்தன. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் இந்த வரத்து முறிந்தது. ஆகவே, கூரையில் நீண்ட, கணுவற்ற, நேர் இழையுள்ள பர்மா தேக்கு உத்தரங்களைக் கொண்ட நிலையம் பெரும்பாலும் அந்த ஆண்டுக்கு முந்தியது என்று, வேறு ஆவணம் கிடைக்காத இடத்திலும் ஓரளவு துணிந்து சொல்லலாம்.

பாதை அகலத்தை மாற்றுவது தமிழ்நாட்டுக்கு 1992-இல் முதன்முறையாக நேர்ந்ததன்று. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி 1861, 1862 ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரை போட்ட பாதை அகலப் பாதையே. செலவைக் குறைக்க மீட்டர் பாதை போதும் என்று மேயோ பிரபுவின் அரசு 1870-இல் முடிவெடுத்தது; 1874-இல் அந்தக் கம்பெனி கர்நாடிக் ரயில்வேயோடு இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆனது; அதே பத்தாண்டின் பிற்பகுதியில் பாதை குறுக்கப்பட்டது. திருச்சி, ஈரோடு இடையிலான பகுதியோ அகலமாகப் பிறந்து, மீட்டராகச் சுருங்கி, 1929-இல் மறுபடியும் அகலமானது. இந்தப் பழைய மாற்றங்கள் கட்டடங்களைப் பெரும்பாலும் தொடவில்லை. அகலப் பாதைக்கு விட்டிருந்த இடத்தில் குறுகிய பாதை தாராளமாகவே அடங்கியது. எதிர்த்திசையில் போகும்போதுதான் இடிப்புக்குத் தேவை வந்தது.

சிறு மீட்டர் பாதை நிலையம் ஒன்றன் உடலமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அதைப் பிரித்தவர்களின் கணக்கு புரியும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர். நடுவில் நிலைய அதிகாரியின் அறையும் பயணச்சீட்டுச் சாளரமும். பக்கத்தில் சாமான் அறை. முன்னால் நடைமேடையைப் பார்த்த தாழ்வாரம். கூரை இரு வகையாக இருந்தது. ஒன்று மெட்ராஸ் டெரஸ்: சுவருக்குச் சுவர் பெரிய தேக்கு உத்தரங்களை இட்டு, அவற்றுக்குக் குறுக்கே சிறு கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்பில் சாய்வாக நெருக்கி நிறுத்தி, அதற்கும் மேலே உடைகல்லும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை இடித்து இறுக்கி, தட்டோடு பதித்து முடிக்கும் மட்டக்கூரை. மற்றொன்று ஓட்டுக்கூரை: பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் மேற்குக் கரையிலிருந்து பரவிய சீமை ஓட்டை, ரீப்பர் எனப்படும் மெல்லிய சட்டங்களும் கைமரங்களும் தாங்க, அவற்றை முக்கோண வடிவில் பூட்டிய பெரிய கட்டைகள் தாங்கும். தாழ்வாரத்தின் முன் விளிம்பில் முனை வெட்டிய பலகைகள் தொங்கும். தூண்களிலிருந்து வளைந்து எழும் தாங்குகட்டைகள் அந்த விளிம்பைப் பிடித்திருக்கும். சரக்குக் கொட்டகையிலோ அலங்காரம் எதுவும் இல்லை, ஆனால் மரம் அங்கேதான் அதிகம். நெல் மூட்டை ஏற்றிய வண்டி உள்ளே வந்து திரும்ப வேண்டியிருந்ததால் அகன்ற வெளியைத் தூணின்றித் தாண்ட நீண்ட, கனமான கட்டைகள் வேண்டியிருந்தன. சிக்னல் கேபினில் கீழ்த்தளம் செங்கல்லாக இருக்க, நெம்புகோல் வரிசை நின்ற மேல்தளம் பலகையாலும் கண்ணாடிச் சாளரங்களாலும் ஆனதாக இருக்கும்.

இந்தக் கட்டடங்கள் பிரிக்கப்பட்ட முதல் பெரிய அலை யூனிகேஜுக்கு வெகு முன்பே, இரண்டாம் உலகப் போரின்போது வந்தது. போர்முனைகளுக்கு அருகே பாதை போடத் தண்டவாளம் தேவைப்பட்டதால், வருமானம் குறைந்த கிளைப் பாதைகளைக் கழற்றி அனுப்பும்படி அரசு ரயில்வே கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. 1927 வாக்கில் தேக்கை வெளியே கொண்டுவருவதற்காகவே போடப்பட்ட ஷொர்ணூர், நிலம்பூர் பாதை 1941-இல் பெயர்க்கப்பட்டு, 1950-களில்தான் திரும்ப வந்தது. மதுரையிலிருந்து ஏலக்காய் மலைகளின் அடிவாரம்வரை போன போடிநாயக்கனூர்ப் பாதையும் அந்தப் போரில் கழற்றப்பட்டுப் பின்னர் மீண்டது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் போன குறும்பாதை மீளவேயில்லை. பெயர்க்கப்பட்டது இரும்புதான் என்றாலும், பாதை போன நிலையத்துக்குக் காவல் போய்விடும். காவல் போன கட்டடத்தில் முதலில் காணாமற்போவது கதவும் சன்னலும், அடுத்துக் கைமரம். இடிப்பு உத்தரவு எதுவும் இல்லாமலே மரம் ஊருக்குள் போய்ச் சேர்ந்த விதம் இது. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்கை இறக்கிய கொச்சி அரசின் வனப் பாதை, 1907 முதல் ஓடி 1963-இல் மூடப்பட்டு, பழைய இரும்பாக விற்கப்பட்டது. காட்டை வெட்டக் கட்டிய ரயில் வெட்ட மரம் குறைந்ததும் தானும் அழிந்ததை நீதி என்று சிலர் சொல்லக்கூடும்.

யூனிகேஜ் காலத்து இடிப்புக்குக் காரணங்கள் வேறு. அகலப் பாதைப் பெட்டி மீட்டர் பாதைப் பெட்டியைவிடச் சுமார் அரை மீட்டர் அகலம் கூடியது; பாதையின் நடுக்கோட்டிலிருந்து சுவருக்கு விட வேண்டிய குறைந்தபட்ச இடைவெளியும் அதற்கேற்பக் கூடுகிறது. மீட்டர் பாதையின் நடைமேடை பெரும்பாலும் தண்டவாள மட்டத்தை ஒட்டித் தாழ்ந்திருக்க, அகலப் பாதையின் உயர்ந்த நடைமேடை தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை எழுகிறது. பாதையின் கரையையும் உயர்த்தினால் பழைய நிலையத்தின் வாசற்படி புதிய நடைமேடைக்குக் கீழே பள்ளத்தில் விழுந்துவிடும். மழைநீர் அதன் அறைக்குள் வரும். சில இடங்களில் பழைய கட்டடத்தைச் சாமான் அறையாக ஒதுக்கிவிட்டு எதிர்ப்புறத்தில் புதியதைக் கட்டினார்கள். பல இடங்களில் அந்த அளவுக்கும் பொறுமை இருக்கவில்லை. மானாமதுரை, ராமேஸ்வரம் பகுதி 2007-இலும், விழுப்புரம், மயிலாடுதுறை பகுதி 2010-இலும், காரைக்குடி, திருவாரூர் பகுதி 2019-இலும் அகலமாகி முடிந்தன. வேலை நடந்த ஆண்டுகளில் அப்பாதைகளின் ஓரத்தில் ஓடுகளும் கைமரங்களும் செங்கற்களும் குவிந்து கிடந்தன.

கட்டடம் பயனற்றது என்று பொறியியல் பிரிவு அறிவிப்பதை ரயில்வேயில் கண்டம் பண்ணுவது என்பார்கள். கண்டமான கட்டடத்தை அகற்ற இரு வழிகள் இருந்தன: இடித்து எடுத்துப்போகும் உரிமையை ஏலத்தில் விற்பது ஒன்று, புதிய கட்டடத்தின் ஒப்பந்தக்காரரையே இடிக்கச் சொல்லி, கிடைக்கும் பொருளின் மதிப்பை அவருக்குத் தர வேண்டிய தொகையில் கழிப்பது மற்றொன்று. முன்பு நேரில் கூடி விலை கேட்ட ஏலம் இப்போது மின்னேலமாகிவிட்டது. இரண்டு வழியிலும் கட்டடம் ஒரே குவியலாகவே விலைபோனது. எத்தனை கன அடி தேக்கு, எத்தனை வேம்பு, எத்தனை செங்கல் என்று பிரித்துப் பார்ப்பவர் வாங்குபவர் மட்டுமே. அவர் முந்தைய நாளே வந்து, கூரையில் ஓடுகளை விலக்கி, கட்டையைக் கத்தியால் சீவி, சீவலின் நிறத்தையும் வாடையையும் பார்த்து, உத்தரங்களை எண்ணிப் போவார். கன அடிக் கணக்கு எளியது: அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144-ஆல் வகுப்பது. அதில் சுவருக்குள் புதைந்து உளுத்த முனைகளையும், கட்டைகள் பூட்டிய துளைப் பகுதியையும், ஆணி வரிசையையும் கழித்தால் அறுப்பு மில்லுக்கு உண்மையில் போகும் அளவு கிடைக்கும். இந்தக் கழிவில் காட்டும் துல்லியத்தில்தான் அந்த வியாபாரத்தின் லாபமும் நட்டமும் இருந்தன.

பிரிக்கும் வரிசை கட்டிய வரிசைக்கு நேர் எதிரானது. ஓட்டை இறக்கி அடுக்கியபின் ரீப்பர், அதன்பின் கைமரம், அதன்பின் முக்கோணக் கட்டுகளை வடக்கயிற்றில் தாங்கிப் பூட்டு கழற்றி இறக்குவது, கடைசியாக உத்தரம். நிலைகளையும் கதவுகளையும் சுவர் சாயும் முன் எடுத்தாக வேண்டும். சுண்ணாம்புக் காரை சிமெண்டைப்போல் கல்லோடு ஒன்றிவிடாததால் செங்கற்களும் முழுதாக உதிர்ந்தன; மேலே ஒட்டிய சுண்ணாம்பைக் கொத்திவிட்டு அவற்றை மறுபடி கட்டலாம். கடப்பாரையும் ஆணி பிடுங்கியும் கொண்டு கையால் பிரித்த காலத்தில் கட்டடத்தின் பெரும்பகுதி இப்படி மறுபயனுக்குப் போனது. பொக்லைன் வந்தபின் நிலை மாறியது. ஒரு வாரம் பத்துப் பேர் செய்த வேலையை அது அரை நாளில் முடிக்கிறது. முடிக்கும்போது கைமரங்களை முறித்து, ஓடுகளைத் தூளாக்கி, செங்கல்லையும் மரத்தையும் ஒரே மண்மேடாக்கிவிடுகிறது. பாதை வேலைக்குக் குறித்த கெடு நெருங்கிய இடங்களில் பொக்லைனே வென்றது. தேக்கு பணமதிப்புள்ள மரமாக இல்லாமலிருந்தால் கையால் பிரிப்பது இன்னும் முன்பே ஒழிந்திருக்கும்.

அந்த மதிப்பு கூடிக்கொண்டே போனதற்குக் காடுகளுக்கு நேர்ந்ததும் காரணம். 1996-இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைகள் நாடெங்கும் காடு வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. 2014 ஏப்ரலிலிருந்து மியான்மர் அறுக்காத மரத்தை ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. முற்றிய பர்மா தேக்கு புதிதாகக் கிடைப்பது அரிதானதும், பழைய கட்டடமே அதற்குக் காடானது. காரைக்குடியின் பழைய சாமான் கடைகள் செட்டிநாட்டு வீடுகளின் தூணையும் நிலையையும் பெயர் சொல்லி விற்கின்றன. ரயில் நிலையத்து மரத்துக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை. செதுக்கு வேலை இல்லாத, வண்ணம் பூசிய, ஆணித்துளை நிறைந்த கட்டை என்பதால் அது நேராக அறுப்பு மில்லுக்குப் போய், இழைக்கப்பட்டு, புது வீட்டின் கதவாகவும் சன்னலாகவும் கட்டிலாகவும் வெளியே வந்தது. எந்த ஊர் நிலையத்தின் கூரையில் அது இருந்தது என்பதை அதன் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சிலீப்பர் கட்டைகளின் கதை இதில் ஒரு கிளை. வார்ப்பிரும்பும் எஃகும் முன்பே பாதி இடத்தைப் பிடித்திருக்க, 1970-களுக்குப் பின் கான்கிரீட் சிலீப்பர் வந்து மரத்தைப் பாலங்கள் போன்ற சில இடங்களுக்கு ஒதுக்கியது. கழற்றிய கட்டைகள் மாட்டுக்கொட்டகைத் தூணாகவும் தோட்டத்துப் படியாகவும் பயன்பட்டன. கிரியோசோட் ஊறிய கட்டையை அடுப்பில் எரிப்பதும் வீட்டுத் தளவாடமாக்குவதும் உடலுக்குக் கேடு என்பது வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது.

விற்பனையும் ஏலமும் இல்லாமல் ஒரு பாதை முழுவதும் கரைந்துபோன எடுத்துக்காட்டு கடலுக்கு அப்பால் உள்ளது. 1902-இல் காங்கேசன்துறை, சாவகச்சேரி இடையே தொடங்கி, 1905-இல் தெற்கோடு இணைந்த யாழ்ப்பாணப் பாதையில் 1990-இல் வண்டிகள் நின்றன. அடுத்து வந்த போர் ஆண்டுகளில் அதன் தண்டவாளங்களும் சிலீப்பர்களும் பதுங்குகுழிகளுக்குக் கூரையும் சுவருமாயின; நிலையங்களில் குண்டு துளைத்த சுவர்கள் எஞ்சின. இந்தியக் கடனுதவியில் பாதை மறுபடி போடப்பட்டு, 2014 அக்டோபரில் வண்டி யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் நிர்வாகம் செய்ததை அங்கே போர் செய்தது. வேறுபாடு என்னவென்றால், யாழ்ப்பாணப் பாதையின் இழப்பை அந்த மக்கள் பேசினார்கள், எழுதினார்கள். இங்கே நிலையம் போனது வளர்ச்சி என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிட்டதால், இழப்பு என்று யாரும் கணக்கெழுதவில்லை.

அகலப் பாதை வேண்டாம் என்று எவரும் வாதிட முடியாது. ஒரே வண்டியில் ராமேஸ்வரத்திலிருந்து வடநாடு போக முடிவது சிறு வசதியன்று. குறை இருப்பது இடித்த முறையில். 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற நீலகிரி மலைப்பாதை, தமிழ்நாட்டில் எஞ்சியிருக்கும் ஒரே மீட்டர் பாதை. அதன் குன்னூர், லவ்டேல் நிலையங்கள் காக்கப்படுகின்றன, அதன் எஞ்சின்களுக்கு ரசிகர்கள் உண்டு. சமவெளியில் நெல்லும் பருத்தியும் உப்பும் ஏற்றிய நிலையங்களுக்கு அந்தக் கவனத்தில் நூறில் ஒரு பங்கும் கிடைக்கவில்லை. எஞ்சினை மரபு என்றும் சரக்குக் கொட்டகையைக் குப்பை என்றும் பிரித்த பார்வை, அந்த ரயிலால் வாழ்ந்த ஊர்களின் வரலாற்றைத் தவறாகப் படித்த பார்வை.

2023-இல் அமிர்த பாரத் நிலையங்கள் திட்டம் நாடெங்கும் 508 நிலையங்களில் தொடங்கி வைக்கப்பட்டபோது அவற்றுள் 18 தமிழ்நாட்டில் இருந்தன. பட்டியல் இன்னும் நீளும், இடிப்பும் தொடரும். எல்லாக் கட்டடத்தையும் காப்பது நடவாத காரியம். கண்டம் பண்ணும் முன்பு கூரையின் குறுக்குவெட்டு வரைபடம் ஒன்று, கட்டைகளின் அளவுப் பட்டியல், மரவகை பற்றிய ஒரு வரி, சில படங்கள் ஆகியவற்றை எடுக்க ரயில்வேயின் சொந்தப் பொறியாளர்களுக்கு இரண்டு நாள் போதும். ஏலத்திலும் அந்தப் பட்டியலால் நல்ல விலையே வரும். அதை இனி ஒவ்வொரு ஏல அறிவிப்போடும் சேர்த்து வெளியிடவும், ஒரு படியை மாநில ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பவும் தெற்கு ரயில்வே முன்வர வேண்டும்.